"முட்டை எப்படி வேணும்?" – அமெரிக்க டைனர் பற்றி வாசகர் கேள்வி-பதில்

மகன் வீடு, மகள் வீடு என்று அமெரிக்கா போய்வரும் வாசகர்கள் டைனர் பற்றித் தொடர்ந்து எழுதிக் கேட்கிறார்கள். அங்கே ஒவ்வொரு பேட்டையிலும் இருக்கும் பழைய பாணி உணவகம்தான் டைனர். காலை டிபன் நாள் முழுக்கக் கிடைக்கும், காபி கேட்காமலே வந்து நிரம்பும், சொன்ன பிறகுதான் அடுப்பில் போடுவார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

டைனர் ஏன் ரயில் பெட்டி மாதிரியே இருக்கிறது? பழைய பெட்டிகளை வாங்கிக் கடையாக மாற்றினார்களா?
– வாசகர், திருச்சி

ஓடி ஓய்ந்த டிராம் வண்டிகளைக் கடையாக்கியவர்கள் சிலர் இருந்தது உண்மைதான். ஆனால் நீங்கள் பார்க்கும் பெரும்பாலான பழைய டைனர்கள், டைனராகவே தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. 1872-ல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் பத்திரிகை அலுவலகத்துக்கு வெளியே குதிரை வண்டியை நிறுத்தி, ராத்திரி வேலைக்காரர்களுக்குச் சாப்பாடு விற்றார். வழக்கமாக அங்கிருந்துதான் டைனரின் கதையைத் தொடங்குவார்கள். பிறகு வண்டிக்கு உள்ளேயே உட்கார இடம் வந்தது. வூஸ்டர் லஞ்ச் கார் கம்பெனி 1906-லிருந்து முழு டைனர்களையே கட்டி அனுப்பியது. நியூஜெர்சியில் ஜெர்ரி ஓமஹோனி கம்பெனியும் அப்படித்தான்.

கட்டி முடித்ததைச் சாலையிலோ ரயிலிலோ ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். அதனால் அகலத்தைக் கூட்ட வழியில்லை, நீளத்தில்தான் இடம் பிடித்தார்கள். நீண்ட கவுன்ட்டர், எதிரே சுழலும் ஸ்டூல்கள், கவுன்ட்டருக்குப் பின்னால் சமைக்கும் இரும்புக் கல் என்ற அமைப்பு அதனால்தான் வந்தது. ரோட் ஐலண்டின் பாடக்கெட் ஊரில் இருக்கும் மாடர்ன் டைனர், ரயில் எஞ்சின் முகம்போல முன்பக்கம் சரிந்த 1941-ம் வருடத்து வார்ப்பு. அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னப் பட்டியலில் முதலில் இடம்பிடித்த டைனர் அதுதான், 1978-ல்.

வடகிழக்கு மாநிலங்களில் பல டைனர்கள் பின்னாளில் கிரேக்கக் குடும்பங்களின் கைக்கு வந்தன. பேன்கேக்குக்குப் பக்கத்திலேயே கீரையும் ஃபெட்டா சீஸும் வைத்த ஸ்பானகோபிட்டா மெனுவில் இருப்பதற்கு அதுவே காரணம். சைவக்காரர்களுக்கு இது உதவும், கீழே வருகிறது.

உள்ளே போய் நின்றோம், யாரும் வந்து கூப்பிடவில்லை. நாமே போய் உட்காரலாமா?
– வாசகி, கும்பகோணம்

வாசலில் ஒரு பலகை இருக்கும். "ப்ளீஸ் வெயிட் டு பி சீட்டட்" என்றிருந்தால் அங்கேயே நிற்க வேண்டும். "ப்ளீஸ் சீட் யுவர்செல்ஃப்" என்றிருந்தால் காலியாக இருக்கும் எந்த இடத்திலும் உட்காரலாம். பலகையே இல்லை என்றால் கல்லாவில் இருப்பவரைப் பார்த்து எத்தனை பேர் என்று விரலைக் காட்டுங்கள், இடம் காட்டுவார்.

கவுன்ட்டர் ஸ்டூலுக்குப் பெரும்பாலும் காத்திருக்க வேண்டாம். ஒருவரோ இருவரோ போனால் அதையே கேளுங்கள். சமைப்பதை நேரில் பார்க்கலாம், காபியும் சீக்கிரம் வரும். எதிரெதிர் சோபா போட்ட மேஜைக்கு பூத் என்று பெயர். அதில் நான்கு பேர் தாராளமாக உட்காரலாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு பூத் சிரமம், இருக்கை தாழ்வு, நகர்ந்து நகர்ந்துதான் உள்ளே போக வேண்டும். "டேபிள், ப்ளீஸ்" என்று கேட்டு நாற்காலி போட்ட மேஜையை வாங்கிக்கொள்ளுங்கள்.

சனி, ஞாயிறு காலை 9 முதல் 12 வரை கூட்டம் அலைமோதும். அதே கடை வார நாளில் காலை 8 மணிக்கு அமைதியாக இருக்கும். முதல்முறை போகிறவர்கள் வார நாளில் போவது நல்லது, பரிமாறுபவருக்கு உங்களிடம் நின்று பேச நேரம் இருக்கும்.

ஆர்டர் எடுக்க வந்தவர் கேள்விமேல் கேள்வி கேட்டார். எதற்கு என்ன பதில் என்றே புரியவில்லை. முட்டைக்கு மட்டும் எத்தனை வகை?
– வாசகர், மதுரை

"டூ எக்ஸ், எனி ஸ்டைல்" என்று மெனுவில் இருப்பதைச் சொன்னால் கேள்விகள் அநேகமாக ஒரே வரிசையில்தான் வரும். முட்டை எப்படி வேண்டும்? கூட என்ன இறைச்சி? உருளைக்கிழங்கு எந்த வகை? டோஸ்ட் எந்த ரொட்டி? நான்குக்கும் பதில் தயாராக இருந்தால் அரை நிமிடத்தில் ஆர்டர் முடிந்துவிடும்.

முதலில் முட்டை. நம் ஊர் வழக்கப்படி "ஆஃப் பாயில்" என்று கேட்காதீர்கள், தண்ணீரில் அரைவேக்காடாக அவித்த முட்டை என்று எடுத்துக்கொள்வார்கள். நம் ஆஃப் பாயில் அங்கே "சன்னி சைட் அப்". திருப்பவே மாட்டார்கள், மஞ்சள் கரு முழுக்கத் திரவமாக இருக்கும். அதையே திருப்பிப் போட்டு அரை நிமிடத்துக்குள் எடுத்தால் "ஓவர் ஈஸி": வெள்ளை வெந்திருக்கும், மஞ்சள் ஓடும். இன்னும் கொஞ்சம் விட்டால் "ஓவர் மீடியம்": மஞ்சள் ஓரத்தில் இறுகி நடுவில் இளகியிருக்கும். முழுக்க வேகவிட்டது "ஓவர் ஹார்ட்", அதாவது நம் ஃபுல் பாயில். "ஸ்க்ராம்பிள்டு" என்றால் கலக்கி மாதிரி ஈரமாக வரலாம். பொடிமாஸ் பக்குவம் வேண்டுமானால் "ஸ்க்ராம்பிள்டு, வெல் டன்" என்று சொல்ல வேண்டும். வெங்காயம், பச்சை மிளகாய் எதுவும் தானாக வராது. மிளகுத்தூள் மேஜையில் இருக்கும், "ஹாட் சாஸ்" கேட்டால் தருவார்கள்.

மஞ்சள் கரு ஓடினால் பிடிக்காது, ரப்பர் மாதிரி இருந்தாலும் பிடிக்காது என்பவர்களுக்கு எங்கள் சிபாரிசு ஓவர் மீடியம்.

முட்டையின் ஓரம் பழுப்பாகக் கருகி மொறுமொறுவென்று வந்தால், முட்டை தவறான இடத்தில் விழுந்திருக்கிறது என்று பொருள். நீளமான அந்த இரும்புக் கல்லில் ஒரு பக்கம் சூடு குறைவு, இன்னொரு பக்கம் அதிகம். முட்டைக்கு 135 முதல் 150 டிகிரி செல்சியஸ் போதும். பேன்கேக்குக்கும் உருளைக்கும் 190 டிகிரி வரை வேண்டும். கூட்ட நேரத்தில் இடம் இல்லாமல் முட்டையைச் சூடான பக்கம் ஊற்றிவிடுவார்கள். தட்டு வந்ததும் சாப்பிடத் தொடங்குங்கள். சூடான தட்டில் மஞ்சள் கரு தொடர்ந்து வெந்துகொண்டே இருக்கும், ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் ஓவர் ஈஸி ஓவர் மீடியம் ஆகிவிடும்.

இறைச்சி வேண்டாதவர்கள் "நோ மீட், டொமேட்டோஸ் இன்ஸ்டெட்" என்று கேட்டால், பல கடைகளில் தக்காளித் துண்டுகளோ பழமோ மாற்றித் தருவார்கள். பழத்துக்குச் சில இடங்களில் கூடுதல் காசு. ரொட்டியில் வைட், வீட், ரை இந்த மூன்றும் எங்கும் உண்டு. ரை ரொட்டியில் கேரவே விதை இருக்கும், சோம்பு மாதிரி வாசனை அடிக்கும், பிடிக்காதவர்கள் தவிர்க்கலாம். டோஸ்ட் வெண்ணெய் தடவித்தான் வரும். வேண்டாமென்றால் "ட்ரை டோஸ்ட்".

மகள் கர்ப்பமாக இருக்கிறாள். மெனுவில் முட்டைக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டிருக்கிறதே?
– வாசகி, ஈரோடு

அரைவேக்காட்டு முட்டை, இறைச்சியால் நோய்த்தொற்று வரலாம் என்ற எச்சரிக்கையின் குறி அது. மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் விவரம் இருக்கும். மகளுக்கு ஓவர் ஹார்ட், அல்லது நன்றாக வெந்த ஸ்க்ராம்பிள்டு சொல்லுங்கள். முட்டைச் சமையல் 71 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட வேண்டும் என்பது அங்கே பரிந்துரைக்கப்படும் அளவு. எக்ஸ் பெனடிக்ட் (உடைத்து வெந்நீரில் வேகவைத்த முட்டையை ரொட்டிமேல் வைத்துத் தருவது) வேண்டாம். அதன்மேல் ஊற்றும் ஹாலண்டேஸ் சாஸ், மஞ்சள் கருவை லேசாகச் சூடாக்கி வெண்ணெயோடு அடித்துச் செய்வது. சாஸ் இல்லாமல் கேட்டாலும் அந்த முட்டையின் மஞ்சள் பெரும்பாலும் இளகித்தான் இருக்கும்.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் இல்லை. டைனரில் எங்களுக்கு என்ன இருக்கிறது? 'வெஜிடேரியன்' என்று சொன்னால் போதாதா?
– வாசகர், காஞ்சிபுரம். இதே கேள்வியை இன்னும் பலர் கேட்டிருக்கிறார்கள்

போதாது. அங்கே வெஜிடேரியன் என்றால் முட்டை சேர்ந்ததுதான். சிலர் சிக்கன் தண்ணீரில் செய்த சூப்பையும் அந்தக் கணக்கிலேயே தந்துவிடுவார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "நோ மீட், நோ சிக்கன், நோ ஃபிஷ், நோ எக்ஸ். மில்க், பட்டர், சீஸ் ஆர் ஓகே." கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால் வீகன் என்று நினைத்து வெண்ணெயையும் நிறுத்திவிடுவார்கள்.

பார்த்தால் சைவமாகத் தெரிந்து, உள்ளே சைவமில்லாதவை டைனரில் நிறைய. முதலில் வருவது சூப். ஸ்ப்ளிட் பீ சூப் பட்டாணிப் பருப்பில் செய்வதுதான், ஆனால் வழக்கமாகப் பன்றித் தொடை எலும்பு போட்டுத்தான் கொதிக்க வைப்பார்கள். வெஜிடபிள் சூப் பல கடைகளில் மாட்டு அல்லது கோழி எலும்புத் தண்ணீரில் ஆனது. ஃப்ரெஞ்ச் ஆனியன் சூப்பும் பொதுவாக மாட்டு எலும்புச் சாறுதான். "இஸ் த ப்ராத் மேட் வித் மீட்?" என்று கேளுங்கள். பரிமாறுபவர் தயங்கினால் சூப்பை விட்டுவிடுங்கள்.

அடுத்தது சாலட். சீசர் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி வகை மீன் அரைத்திருக்கும். கிரீக் சாலட்டின் மேல் அதே மீனை முழுசாக வைத்துத் தரும் டைனர்கள் உண்டு, "நோ ஆன்ச்சோவீஸ்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பேக்டு பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். தென் மாநிலங்களில் பீன்ஸ் பொரியல் மாதிரி வரும் க்ரீன் பீன்ஸையும், கொலார்ட் கீரையையும் பன்றி இறைச்சி போட்டு வேகவைப்பதுதான் வழக்கம். பிஸ்கட் (அங்கே அது மென்மையான பன் மாதிரி) மேல் ஊற்றும் வெள்ளை கிரேவி சாசேஜ் கொழுப்பில் செய்வது. ஜெல்லோ எனும் ஜெல்லியில், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறது. 'பை' (pie) எனும் பூரணம் வைத்துச் சுட்ட பண்டம் வாங்கினால் மேலோட்டுக்குப் பன்றிக் கொழுப்பு சேர்த்தார்களா, வெண்ணெயா என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, சமைக்கும் கல். பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டு) பொரித்த அதே கல்லில்தான் உருளையும் பேன்கேக்கும் வேகும். ஹோம் ஃப்ரைஸ் எனும் உருளை வறுவலைப் பேக்கன் கொழுப்பிலேயே புரட்டுவதைச் சில சமையற்காரர்கள் பெருமையாகவே செய்வார்கள். ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் பொரிக்கும் எண்ணெயில் சிக்கனும் இறாலும் பொரிந்திருக்கும். "குட் யூ குக் இட் இன் எ செபரேட் பேன்?" என்று கேட்கலாம். வார நாளில் ஒத்துக்கொள்வார்கள், ஞாயிறு காலை பத்தரைக்கு நடக்காது. வாஃபிள் தனி அச்சில் வேகும், ஆனால் மாவில் முட்டை உண்டு. பேன்கேக், ஃப்ரெஞ்ச் டோஸ்ட் இரண்டிலும் முட்டை. வெஜ்ஜி பர்கரின் நடுவே வைக்கும், வெளியில் வாங்கிய வடை போன்ற 'பேட்டி'யில் கூட முட்டை சேர்ந்திருக்கலாம், பாக்கெட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் கழித்த பிறகும் பசியோடு திரும்ப வேண்டியதில்லை. ஓட்மீல், அதாவது ஓட்ஸ் கஞ்சி, உண்டு. தண்ணீரிலா பாலிலா என்று கேட்டு வாங்குங்கள், பாலில் செய்தது வயிறு நிறைக்கும். டோஸ்ட், க்ரீம் சீஸ் தடவிய பேகல் (வளைய ரொட்டி), காட்டேஜ் சீஸும் பழமும். தென் மாநிலங்களில் கிரிட்ஸ், அதாவது சோள ரவைக் கஞ்சி, வெண்ணெயும் மிளகும் போட்டால் நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். இறால், சீஸ் சேர்க்காத "ப்ளைன் கிரிட்ஸ்" கேளுங்கள். தனிச் சட்டியில் செய்துதரச் சொன்ன க்ரில்டு சீஸ் சாண்ட்விச், உள்ளே தக்காளியும் வெங்காயமும் வைக்கச் சொன்னால் முழுச் சாப்பாடு. மாலை நேரத்தில் பேக்டு பொட்டேட்டோ கிடைக்கும், பேக்கன் துருவல் தூவாமல் வாங்க வேண்டும். ஸ்பானகோபிட்டா இறைச்சி இல்லாதது, ஆனால் பூரணத்தில் முட்டை சேர்ப்பது வழக்கம், எனவே முட்டை சாப்பிடுபவர்களுக்கு மட்டும். கிரேக்க டைனர்களில் பெயர்பெற்ற ரைஸ் புட்டிங்கிலும் முட்டை இருக்கலாம், கேளுங்கள்.

எலும்புத் தண்ணீர், பொதுக் கல், பொது எண்ணெய் எதையுமே ஏற்க முடியாதவர்கள் ஓட்மீல், பேகல், பழம், டோஸ்டரில் வாட்டிய ரொட்டி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதே நிம்மதி. பாதி சந்தேகத்தோடு சாப்பிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

காபி வெந்நீர் மாதிரி இருக்கிறது, அதையும் திரும்பத் திரும்ப ஊற்றுகிறார்கள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?
– வாசகி, தஞ்சாவூர்

கோப்பையின் மேல் கையை வைத்து மூடினால் போதும். நீங்கள் நிறுத்தும்வரை ஊற்றுவதுதான் அங்கே உபசரிப்பு. ஒருமுறை காசு கொடுத்தால் மறுபடி நிரப்புவதற்குப் பொதுவாகக் காசில்லை. ஐஸ் டீ, கோலா வகைகளுக்கும் பெரும்பாலான கடைகளில் அப்படித்தான். ஆரஞ்சு ஜூஸ், பால், மில்க் ஷேக் அப்படியல்ல, ஒவ்வொரு டம்ளரும் பில்லில் ஏறும். பேரப்பிள்ளைகள் இரண்டாவது ஜூஸ் கேட்கும்போது இது நினைவிருக்கட்டும்.

தண்ணீராகத் தோன்றக் காரணம் அளவுதான். ஏறக்குறைய 1.9 லிட்டர் தண்ணீருக்கு 60, 70 கிராம் தூள் உள்ள ஒரு பாக்கெட்டைப் போட்டு வடிக்கிறார்கள். சிக்கரி கிடையாது. போதாததற்கு, கண்ணாடிக் குடுவை சூட்டுத்தட்டில் உட்கார்ந்தே இருக்கும். அரைமணி ஆனால் கசப்பு ஏறிவிடும், கருகல் வாசனை வரும். "இஸ் தேர் எ ஃப்ரெஷ் பாட்?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல, புதிதாக வடிந்ததைத் தருவார்கள். கூட வரும் சின்னக் குப்பிகள் ஹாஃப் அண்ட் ஹாஃப், பாலும் க்ரீமும் கலந்தது, பாலைவிடக் கொழுப்பு அதிகம். ஆனால் சில்லென்று இருக்கும், இரண்டு ஊற்றினால் காபி ஆறிவிடும். "ஹாட் மில்க் ஆன் த சைட்" கேளுங்கள், கோப்பையை முக்கால்தான் நிரப்பச் சொல்லுங்கள். பில்டர் காபி ஆகாது, குடிக்கும்படி ஆகும். ஆரஞ்சு நிறக் கழுத்து வைத்த குடுவையில் இருப்பது கஃபீன் நீக்கிய காபி, ராத்திரி தூக்கம் கெடும் என்பவர்கள் அதைக் காட்டிக் கேட்கலாம்.

டீ கேட்டால் வெந்நீர்க் கிண்ணமும் ஒரு பையும் வரும். தண்ணீர் கொதிநிலையில் இருக்காது, மேஜைக்கு வருவதற்குள் இன்னும் ஆறும். எனவே கோப்பையில் ஊற்றாமல், பையை அந்த உலோகக் கிண்ணத்திலேயே உடனே போட்டு மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். இரண்டு பை கேளுங்கள். தென் மாநிலங்களில் வெறும் "டீ" என்றால் சர்க்கரை போட்ட ஐஸ் டீ வந்து நிற்கும், "ஹாட் டீ" என்று சொல்ல வேண்டும்.

சாப்பிட்டு முடிக்கும் முன்பே பில்லை வைத்துவிட்டுப் போனார். கிளம்பச் சொல்கிறார்களா? டிப்ஸ் எவ்வளவு, எப்படி?
– வாசகர், கோயம்புத்தூர்

கிளம்பச் சொல்லவில்லை. அவசரத்தில் இருப்பவர் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகக் கவிழ்த்து வைப்பார்கள், பெரும்பாலும் "நோ ரஷ்" என்றும் சொல்வார்கள். ஆனால் வாசலில் வரிசை நிற்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரத்துக்குமேல் மேஜையைப் பிடித்து வைக்காமல் இருப்பது நல்லது. பரிமாறுபவரின் வருமானம் அந்த மேஜைக்கு அடுத்து யார் வருகிறார்கள் என்பதில் இருக்கிறது.

அதற்குக் காரணம் சம்பள முறை. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய மத்திய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து மாறவில்லை. டிப்ஸும் சேர்த்து 7.25 டாலரைத் தொடாவிட்டால்தான் முதலாளி மீதியைக் கொடுக்க வேண்டும். கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்களில் முழுக் குறைந்தபட்சக் கூலியும் உண்டு, பல மாநிலங்கள் இரண்டுக்கும் நடுவே வைத்திருக்கின்றன. ஆகவே டிப்ஸை இனாமாக நினைக்காதீர்கள், பரிமாறுபவரின் சம்பளத்தில் பெரும்பகுதி அது. 18 முதல் 20 சதவீதம் வழக்கம், வரிக்கு முந்தைய தொகையில் கணக்கிட்டால் போதும்.

கணக்குக்கு ஒரு சுலப வழி. நியூஜெர்சியில் விற்பனை வரி 6.625 சதவீதம், பில்லில் உள்ள வரியை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய 20 சதவீதம். நியூயார்க் நகரில் வரி 8.875 சதவீதம், இரட்டிப்பாக்கினால் 18-க்குப் பக்கத்தில் வரும். நியூஜெர்சியில் 42 டாலருக்குச் சாப்பிட்டால் வரி 2.78, மொத்தம் 44.78. டிப்ஸ் 8.40 என்று வைத்தால் கார்டு சீட்டில் "டிப்" என்ற இடத்தில் 8.40, "டோட்டல்" என்ற இடத்தில் 53.18 என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு இடத்தையும் நிரப்புங்கள், காலியாக விடாதீர்கள்.

அதற்குமுன் பில்லைப் படியுங்கள். ஆறு பேருக்குமேல் போனால் "கிராச்சுட்டி" என்று 18 சதவீதம் ஏற்கெனவே சேர்த்திருக்கலாம். கவனிக்காமல் இரண்டாம் முறை கொடுப்பவர்கள் நிறைய. பல டைனர்களில் பணத்தை மேஜையில் தராமல் வாசல்பக்கக் கல்லாவில் கட்ட வேண்டும், டிப்ஸை மட்டும் மேஜையில் வைத்துவிட்டு எழுந்திருப்பார்கள். "கேஷ் ஒன்லி" பலகை இருக்கிறதா என்று உள்ளே நுழையும்போதே பாருங்கள். கவுன்ட்டரில் காபி மட்டும் குடித்தால் சதவீதம் பார்க்காமல் ஒரு டாலராவது வையுங்கள்.

பரிமாறிய பெண் என் கணவரை "ஹன்" என்று கூப்பிட்டார். சங்கடமாக இருந்தது.
– வாசகி, நாகர்கோவில்

"ஹன்" என்பது "ஹனி" என்பதன் சுருக்கம். காய்கறிக்கார அம்மா "என்ன கண்ணு வேணும்?" என்று கேட்பாரே, அதே தொனிதான். குழந்தை முதல் தாத்தா வரை எல்லோருக்கும் அதுவே. நீங்கள் "தேங்க் யூ, மேம்" என்று பதில் சொன்னால் போதும்.

தட்டைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது, இரண்டு பேர் ஒரு தட்டைப் பகிரலாமா?
– வாசகர், வேலூர்

பகிரலாம். சில கடைகள் "ஷேரிங் சார்ஜ்" என்று சில டாலர் போடும், மெனுவின் அடியில் எழுதியிருக்கும். மிச்சத்துக்கு "கேன் ஐ கெட் எ பாக்ஸ்?" என்று கேட்டு எடுத்துப்போவது எல்லோரும் செய்வது. முட்டையையும் டோஸ்டையும் அங்கேயே முடித்துவிட்டு உருளை, சாண்ட்விச் போன்றவற்றைக் கட்டிக்கொள்ளுங்கள், ஆறிய முட்டை வீட்டில் சூடு செய்தால் ரப்பராகிவிடும். பேன்கேக்கில் "ஷார்ட் ஸ்டாக்" என்றால் இரண்டு அல்லது மூன்றுதான் வரும். பெரியவர்களுக்கு சீனியர் மெனு உண்டா என்று கேளுங்கள், அளவும் விலையும் குறைவு.

டைனர் பேன்கேக் வீட்டில் செய்தால் தட்டையாக, சவசவவென்று வருகிறது. என்ன தப்பு?
– வாசகி, சேலம்

பெரும்பாலும் மோரில் தப்பு. அங்கே பட்டர்மில்க் என்பது புளிக்கவைத்த கெட்டியான பால். நம் நீர்மோரை ஊற்றினால் மாவு ஓடிவிடும், புளிப்பும் போதாது, சோடா வேலை செய்யாது. கெட்டித் தயிர் 360 மில்லிக்குத் தண்ணீர் 120 மில்லி சேர்த்து அடித்தால் சரியான பதம் வரும்.

மைதா 250 கிராம், சர்க்கரை 2 மேஜைக்கரண்டி, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி ஆகியவற்றை முதலில் உலர்வாகக் கலக்கவும். வேறு பாத்திரத்தில் மேலே சொன்ன தயிர்க் கலவை 480 மில்லி, முட்டை 2, உருக்கிய வெண்ணெய் 3 மேஜைக்கரண்டி. இரண்டையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு முறை புரட்டி நிறுத்திவிடுங்கள். சின்னச் சின்னக் கட்டி இருக்கத்தான் வேண்டும். தோசை மாவுபோல வழவழப்பாகும்வரை அடிப்பதுதான் சவசவப்புக்கு முதல் காரணம், மைதாவில் இழுவை ஏறிவிடுகிறது. பத்து நிமிடம் வைத்திருந்து உடனே ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் வைத்தால் காற்று போய்த் தட்டையாகும்.

கல் மிதமான சூட்டில் இருக்க வேண்டும். எண்ணெயைத் துணியால் துடைத்தாற்போல் தடவினால் போதும், தேங்கி நின்றால் திட்டுத்திட்டாகச் சிவக்கும். 60 மில்லி மாவை ஊற்றி, பரப்பாமல் விடுங்கள். மேலே குமிழ் வந்ததும் திருப்பிவிடக் கூடாது. ஓரத்துக் குமிழ்கள் உடைந்து, அந்த ஓட்டை மூடாமல் நிற்கிறதா என்று பார்த்துத் திருப்புங்கள், சுமார் இரண்டு நிமிடம் ஆகும். மறுபக்கம் ஒரு நிமிடம். கரண்டியால் அழுத்தவே கூடாது. வெளியே சிவந்து உள்ளே மாவாக இருந்தால் கல் சூடு அதிகம். முட்டை இல்லாமலும் செய்யலாம், உப்பல் சற்றுக் குறையும்.

ஒரு தகவல்: டைனர் மேஜையில் இருக்கும் சிரப் பெரும்பாலும் சோளச் சர்க்கரைப் பாகு. நிஜ மேப்பிள் சிரப் கேட்டால் பல இடங்களில் தனிக் காசு.

ஹாஷ் ப்ரௌன்ஸ், ஹோம் ஃப்ரைஸ் – என்ன வித்தியாசம்? மொறுமொறுப்பு எப்படி வருகிறது?
– வாசகர், திருநெல்வேலி

துருவிய உருளை ஹாஷ் ப்ரௌன்ஸ். துண்டு போட்டு, வழக்கமாக வெங்காயம் குடமிளகாயோடு புரட்டியது ஹோம் ஃப்ரைஸ். மொறுமொறுப்பு வேண்டுமானால் முதலாவதை "எக்ஸ்ட்ரா க்ரிஸ்பி" என்று சொல்லி வாங்குங்கள்.

பல கடைகள் உலர்த்திய உருளைத் துருவலை வெந்நீரில் ஊறவைத்துத்தான் கல்லில் போடுகின்றன. அதில் மேலே ஒட்டியிருக்கும் மாவுச்சத்து ஏற்கெனவே போயிருக்கும், அதனால் சீராகச் சிவக்கும். வீட்டில் அதே பலன் வேண்டுமானால் 500 கிராம் உருளையைத் துருவி, தண்ணீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை அலசி, துணியில் கட்டி இறுகப் பிழிய வேண்டும். பிழிவதில்தான் எல்லாமே இருக்கிறது. ஈரம் இருந்தால் உருளை வறுபடாது, ஆவியில் வெந்து குழையும். தோசைக்கல்லில் 2 மேஜைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, மிதமான தீயில் ஆறேழு நிமிடம் தொடாமல் விடுங்கள். ஓரம் சிவந்து தானாக விட்டு வரும்போது திருப்பி ஐந்து நிமிடம். உப்பைத் துருவலில் முன்கூட்டியே பிசைந்துவைத்தால் மறுபடி நீர் விடும், கல்லில் போட்ட பிறகு தூவுங்கள். புதுக் கிழங்கைவிட கொஞ்ச நாள் இருந்த பழைய கிழங்கு நல்லது.

சொன்னது ஒன்று, வந்தது ஒன்று. சொல்லத் தயங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். திருப்பி அனுப்பலாமா?
– வாசகி, புதுச்சேரி

தாராளமாக. ஒவ்வொரு தட்டும் சொன்னபடி செய்வது என்பதால் தவறுவதும் சகஜம், மாற்றித் தருவதும் சகஜம். ஆனால் முதல் இரண்டு வாயிலேயே சொல்ல வேண்டும், பாதி சாப்பிட்ட பிறகு சொன்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். பரிமாறியவரிடமே சொல்லுங்கள், நேரே மேனேஜரைக் கூப்பிட வேண்டாம். "ஐ ஆஸ்க்ட் ஃபார் ஓவர் ஹார்ட், திஸ் இஸ் ரன்னி" என்று எது குறை என்பதைக் குறிப்பாகச் சொன்னால், அந்த முட்டை மட்டும் போய் நான்கைந்து நிமிடத்தில் திரும்பி வரும். வெறுமனே "நாட் குட்" என்றால் எதைத் திருத்துவது என்று அவருக்குத் தெரியாது.

சைவத் தட்டில் பேக்கன் வந்துவிட்டால் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அதே தட்டைத் திருப்பித் தரப் பார்ப்பார்கள். "நியூ பிளேட், ப்ளீஸ்" என்று தெளிவாகக் கேளுங்கள். தப்பு சமையலறையில் நடந்திருந்தால் பரிமாறியவரின் டிப்ஸைக் குறைக்காதீர்கள், அவர் ஓடிப்போய் மாற்றிக் கொண்டுவந்தவர். பில் வந்ததும், திருப்பி அனுப்பியது இரண்டு முறை ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கல்லாவுக்குப் போங்கள்.